எதிர்க்கடைக்காரர் பேரில் ஒரு கை

எதிர்க்கடையில் ஓசியாகச் சால்னா ஊற்றுகிறான் என்றால் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவது விருதுநகரில் ஒரு குற்றமே இல்லை. சிக்கந்தர் பாய் கடை திறந்த அன்றைக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு பரோட்டா இலவசம் என்று போர்டு வைத்தார். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது யார் தெரியுமா? நேர் எதிரே ஏற்கெனவே பரோட்டாக் கடை வைத்திருந்த காளிராசன்தான். தின்றான், விரலைச் சூப்பினான், "சால்னா பரவால்ல பாய், பரோட்டாதான் செருப்பாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தான். பாயும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து ரெண்டு கடைக்கும் போட்டி என்றால் போட்டி, அப்படி ஒரு போட்டி. ஆனால் இங்கே சிலிண்டர் தீர்ந்தால் அங்கேயிருந்து உருண்டு வரும். அங்கே மாவு தீர்ந்தால் இங்கேயிருந்து போகும். ஒருத்தர் கடை மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் ஆள் அனுப்புவார். தொழில் பண்ணுகிறவன் வேறு எப்படி இருப்பான்?

காளிராசன் பொண்டாட்டி வெயிலுகந்தாளுக்குத் தெரிந்த போட்டி இதுதான். இதை நம்பித்தான் அவள் அந்தப் பாழாய்ப்போன பொத்தானை அமுக்கினாள்.

காளிராசன் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மாவை அவன் வீசுவதைப் பார்க்கவென்றே ரோட்டில் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் இருந்தார்கள். மூன்று வீச்சில் மாவு கைக்குட்டை மாதிரி விரிந்துவிடும். எண்ணெயில் பொரித்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி, ரெண்டு பக்கமும் தட்டி நொறுக்கி முடித்ததும், வலது கையை இடுப்புத் துண்டில் ஒரு தடவு தடவுவான். துண்டு இருக்கிறதோ இல்லையோ, கை தானாக இடுப்புக்குப் போகும். மச்சினன் கல்யாணத்தில் பட்டு வேட்டியில் தடவிவிட்டு வெயிலுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்தக் கைதான் ஒருநாள் வாதத்தில் விழுந்தது. கால் தேறியது. பேச்சு அரையும் குறையுமாகத் திரும்பியது. வலது கை மட்டும் தோளில் மாட்டிய பை மாதிரி தொங்கியது. கடை மூடிக் கிடந்தது. பாய் தன் மாஸ்டர்களில் ஒருத்தரை அனுப்பிப் பார்த்தார். காளிராசன் அந்த ஆள் மாவு பிசைவதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கும் ஜெபராணிதான் அந்த வழியைச் சொன்னாள்.

"அக்கா, 'கையைத் தூக்கு'ன்னு அண்ணன் மண்டையில இருந்து சேதி கெளம்பத்தான் செய்யுது. நடுவுல பாலம் இடிஞ்சுபோச்சு, கைக்குப் போய்ச் சேரல. இந்தப் பட்டைய நெத்தியில கட்டினா அந்தச் சேதியப் பிடிச்சுக்கும். கம்ப்யூட்டர் வழியா கையில மாட்டுற உறைக்கு அனுப்பும். உறை கைய அசைக்கும்."

"வெல?"

"ஆஸ்பத்திரிக் கருவியா வாங்கினா வீட்ட விக்கணும். விளையாட்டுச் சாமானா வாங்கினா கிரைண்டர் வெலதான். ரெண்டும் ஒண்ணுதான்க்கா. மேல ஒட்டியிருக்கிற பேர்தான் வேற."

இப்படித்தான் இருந்தது காலம். பிள்ளைகள் விளையாடக் கண்டுபிடித்ததை வைத்து நோயாளிகள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே விளையாட்டு விற்கிற பெரிய கடைகள் ரெண்டு இருந்தன. ஒன்று டமாரம், இன்னொன்று ஜிகினா. ரெண்டுக்கும் ஜென்மப் பகை. ஜெபராணி டமாரத்தில் 'ரோட்டுக்கடை' என்று ஒரு விளையாட்டை வாங்கச் சொன்னாள். மாவு பிசைந்து, வீசி, சுட்டு, வருகிற கூட்டத்துக்குப் பரிமாற வேண்டும். அதுதான் ஆட்டம்.

"ஒவ்வொருத்தர் மண்டையும் ஒவ்வொரு மாதிரி பேசும்க்கா. ஆட ஆடத்தான் அண்ணன் மண்டையோட பாஷைய அது படிக்கும். மாசக்கணக்குல ஆகும். படிச்ச பாடத்த டமாரம் தன்கிட்டயே வெச்சுக்கும். விளையாட்டு திறந்திருக்கிற வரைக்கும் கை வேலை செய்யும்."

"பாடம் ஏன் அவன்கிட்ட இருக்கணும்? எங்க வீட்டுல வெக்கக் கூடாதா?"

ஜெபராணி தோளைக் குலுக்கினாள். "அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கானுங்க."

காளிராசன் முதலில் முரண்டு பிடித்தான். "எனக்கே... பரோட்டா... சொல்லித் தர்றானா?" என்று திக்கித் திக்கித் திட்டினான். திட்டிக்கொண்டே ஆடினான். திரையில் பொம்மை மாவு கீழே விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் விழவில்லை. வெயிலு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால், தொங்கிக் கிடந்த கை அந்தரத்தில் நிற்கிறது. அவள் கரியும் சோப்புமான கையோடு ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எதிர்க்கடையிலிருந்து பாய் என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவந்தார்.

கோடை முடிவதற்குள் கடை திறந்தாகிவிட்டது. மைதா மூட்டைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். அதில் சாயங்காலம் முழுக்க ரோட்டுக்கடை திறந்தே இருக்கும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். திரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. காளிராசன் நெற்றியில் பட்டையும் கையில் உறையுமாக நிஜ மாவை வீசினான். அடித்து முடித்ததும் கை இடுப்புக்குப் போனது. அதைக் கண்டபோதுதான் வெயிலுவுக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. போனில் வந்தது, தங்க நிறத்தில் மினுக்கிக்கொண்டு. 'ரோட்டுக்கடை இனி ஜிகினாவில் மட்டுமே! இன்று ஒரு நாள் முற்றிலும் இலவசம்!' கீழே பொடி எழுத்தில் புராணம் மாதிரி என்னவோ நீளமாக இருந்தது. வெயிலு கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கூட்ட நேரம். எதிர்க்கடையில் ஓசி என்றால் வாங்கி வைத்தால் என்ன கெட்டுப் போகிறது? நம் கடை நமக்கு, அவன் கொடுப்பதும் நமக்கு. அமுக்கினாள்.

காளிராசன் அந்த நேரம் ஒரு பரோட்டாவை எண்ணெயில் இறக்கிக்கொண்டிருந்தான். கை செத்தது. தூக்கியிருந்த உயரத்திலிருந்து அப்படியே எண்ணெய்க்குள் விழுந்தது. அவன் அலறினான். எடுக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கை எடுக்க மாட்டேன் என்கிறது. வெயிலு ஓடிப்போய் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பாய் ரோட்டைத் தாண்டித் தண்ணீர் வாளியோடு வந்து கையை அதற்குள் முக்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து நின்றார்கள்.

நாலு விரலும் வெந்திருந்தன.

பொடி எழுத்தில் என்ன இருந்தது என்பதை ஜெபராணிதான் பிறகு கட்டுப் போட்டுக்கொண்டே படித்துச் சொன்னாள். ஜிகினாவில் வாங்கினால் டமாரத்தில் இருக்கும் உரிமை அந்த நொடியே ரத்தாகும். சரி, அவன் அப்படி. இவன்? ஜிகினாவுக்குப் போகிறவனின் பாடத்தை டமாரம் பூட்டிவிடும். சொல்லாமல், கொள்ளாமல், நொடியில். எண்ணெய்ச் சட்டி மேலே ஒரு மனுஷன் கை இருக்கிறதா என்று ரெண்டு பேரில் ஒருத்தனாவது பார்த்தானா? பரோட்டா கருகினால்கூட நாம் அடுப்பை அணைக்கும் முன்னால் திரும்பிப் பார்ப்போம்.

வெயிலு டமாரத்துக்குப் போன் போட்டாள். தேன் ஒழுகும் குரலில் ஒரு மிஷின் பேசியது.

"அன்பு வாடிக்கையாளரே, நீங்கள் எங்களை விட்டுப் பிரிந்ததில் வருந்துகிறோம்."

"நாங்க பிரியல. ஒரு பொத்தான அமுக்கினேன். என் வீட்டுக்காரர் கை வெந்துபோச்சு. பாடத்தக் குடு."

"பாடம் எங்கள் தொழில் ரகசியம். அதை வெளியே கொடுத்தால் போட்டி நிறுவனம் பயன்பெறும்."

"போட்டி நிறுவனம் என்னடா, என் புருஷன் பயன்பெறுவார்டா!"

"உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம். மீண்டும் எங்களிடம் வந்தால் புதிய விளையாட்டு ஒன்றில் சலுகை உண்டு."

ஜிகினாவுக்குப் போட்டாள். அங்கே ஒரு உற்சாகமான ஆண் குரல். அதுவும் மிஷின்தான். "வருக வருக! முதல் கட்டத்திலிருந்து ஆடத் தொடங்குங்கள். வரவேற்புப் பரிசாக உங்கள் ரோட்டுக்கடைக்குத் தங்கக் கரண்டி இலவசம்."

"வெந்த கையில கட்டுப் போட்டிருக்கு. எப்படி ஆடுவாரு?"

"தங்கக் கரண்டி பிடிக்கவில்லை என்றால் வெள்ளித் தட்டு மாற்றிக்கொள்ளலாம்."

வெயிலு போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் வந்ததையெல்லாம் திட்டியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஒரு மனுஷன் எதிரே இருந்தால் சட்டையையாவது பிடிக்கலாம். இங்கே பிடிக்கச் சட்டையும் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவனுக்குக்கூட ஒரு முகம் இருக்கும்.

"ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாக," என்றாள் பாயிடம். "இங்க கூத்தாடி ரெண்டுபட்டான், நம்ம கை போச்சு."

"வயித்தெரிச்சல் சும்மா விடாது தங்கச்சி," என்றார் பாய். அன்று சாயங்காலமே தன் மாஸ்டரை மறுபடியும் அனுப்பினார். காளிராசன் இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் போட்டுக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். திரும்பியிருந்தால்கூடத் தேவலை என்று வெயிலுவுக்கு இருந்தது. சோறு வைத்தால் சாப்பிட்டான், எடுத்தால் விட்டுவிட்டான். வாதம் வந்தபோதுகூட அவன் இப்படி இருந்ததில்லை. ஒரு தடவை போன கையை அவன் எப்படியோ சகித்துக்கொண்டான். வந்துவிட்டு மறுபடி போன கையைச் சகிக்க முடியவில்லை.

விளையாட்டைச் செய்தவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்று ஜெபராணி தேடிக் கண்டுபிடித்தாள். அபிநயா என்று பேர். வெயிலு போன் போட்டு நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

"ஏம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. எனக்கு... நெசமா எனக்குத் தெரியாதுங்க."

"என்னத்த தெரியாது? ஒரு கடையில வித்துக்கிட்டு இருந்தத இன்னொரு கடைக்கு மட்டும்னு எழுதிக் குடுத்தியே, அது தெரியாதா?"

"டமாரத்துல எங்க விளையாட்டப் பின்னாடித் தட்டுல தூக்கிப் போட்டுட்டாங்க. யார் கண்ணுலயும் படாது. ஜிகினாக்காரங்க வந்தாங்க. எங்ககிட்ட மட்டும் குடுத்தீங்கன்னா ரெண்டு வருசத்துக்குக் கவலையே இல்லன்னாங்க. என்னை நம்பி ஆறு பேர் இருக்காங்கக்கா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போட்டுட்டே. அதுல என் புருஷன் கையும் சேந்து போச்சு."

"இத வெச்சு ஒருத்தர் நெசமாவே பரோட்டா போடறாருன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் இத ஒரு விளையாட்டுன்னுதான் நெனச்சேன்." அழுதாள். வெயிலுவுக்கு அவள் மேல் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் பாதியில் நின்றுபோனது. இவளும் ஒரு கடைக்காரிதான், இவளையும்தான் நசுக்கியிருக்கிறான்.

"பாடத்த வாங்கித் தர முடியுமா, அத மட்டும் சொல்லு."

"அது என்கிட்ட இல்லக்கா. கடையோட சொத்துன்னு எழுதி வெச்சிருக்காங்க. கோர்ட்டுக்குப் போனாலும் வருசக்கணக்குல ஆகும். இன்னொண்ணு கேள்விப்பட்டேன். டமாரம் எங்களுக்குப் போட்டியா அவங்களே ஒரு பரோட்டா விளையாட்டு செய்யறாங்களாம்."

"எவனோ என்னத்தையோ செஞ்சுக்கட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செய்தார்கள். மழைக்காலத்தில் அதன் விளம்பரம் ஊரெல்லாம் ஓடியது. பஸ் ஸ்டாண்டுத் திரையில், டிவியில், போனில். 'பரோட்டா ராஜா! டமாரத்தில் மட்டுமே!' கிரீடம் வைத்த, மீசை முறுக்கிய ஒரு பொம்மை ராஜா. வெயிலு பாய் கடையில் இஞ்சி கடன் வாங்கப் போனவள், அங்கே டிவியில் அது ஓடுவதைப் பார்த்தாள்.

ராஜா மாவை வீசினான். மூன்று வீச்சு. அடுக்கினான், ரெண்டு பக்கமும் தட்டி நொறுக்கினான். பிறகு வலது கையை இடுப்பில் ஒரு தடவு தடவினான். இடுப்பில் துண்டு இல்லை. நகை வைத்த ஒட்டியாணம் இருந்தது. அதில்தான் எண்ணெய்க் கையைத் தடவினான்.

வெயிலு கையிலிருந்த இஞ்சி கீழே விழுந்தது.

"பாய்... பாய்! அதப் பாருங்க!"

பாய் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"யா அல்லாஹ்," என்றார். "நம்ம காளிராசன் கையில்ல அது?"

அவன் வீட்டில் கை செத்து மடியில் கிடக்கிறது. அவன் கையோ கிரீடம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பரோட்டா வீசுகிறது. கேட்டால் தொழில் ரகசியமாம்! திருடினவன் திருட்டுப் பொருளைக் கடைவாசலிலேயே தொங்கவிட்டு வியாபாரம் பண்ணுகிறான், பொருளுக்குச் சொந்தக்காரன் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். வெயிலு அங்கேயே நின்று டிவியைப் பார்த்துக் காறித் துப்பினாள். பாய் கடை டிவி என்பதைக்கூட மறந்துபோனாள். பாயும் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தார்.

துடைத்துக்கொண்டே யோசித்தார். "தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். பாடம் அந்த விளையாட்டுக்குள்ள இருக்குன்னா, அது காளிராசன் மண்டைக்குத் தெரிஞ்ச பாடம்தானே? அத வாங்கித் திறந்து வெச்சா கை எந்திரிக்காதா?"

அபிநயாவைக் கேட்டார்கள். "எந்திரிக்கலாம்க்கா," என்றாள், மூச்சுவிடாமல். "அதே பாடம்னா கண்டிப்பா எந்திரிக்கும்."

வெயிலு போனைத் தொடவே பயந்தாள். பாய் தன் போனில், தன் பேரில் வாங்கினார். அடுப்பைப் பற்றவைக்க அவர் விடவில்லை. "மொதல்ல வெறுங்கல்லுல பாப்போம்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காளிராசனுக்குப் பட்டையைக் கட்டி உறையை மாட்டினார்கள். புண் ஆறிய விரல்களில் தோல் இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்தது. பரோட்டா ராஜா திறந்தது.

கை எழுந்தது.

காளிராசன் மாவை எடுத்தான். வீசினான். மாவு விரிந்தது. ரோட்டில் போன ரெண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அவன் வாய் கோணிக்கொண்டு சிரித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. அடுத்த உருண்டையை எடுத்தான். அதற்கடுத்ததையும் எடுத்தான்.

திரை சிவப்பாக மாறியது. 'எச்சரிக்கை! எங்கள் நாயகனின் பிரத்தியேக அசைவை நீங்கள் நகல் எடுக்கிறீர்கள். இது திருட்டு ஆட்டம். கணக்கு முடக்கப்பட்டது.'

கை விழுந்தது. மாவு அதன் மேல் போர்வை மாதிரி விழுந்து மூடியது.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "திருட்டாமே," என்றார். "இவன் கைய இவன் அசைச்சா திருட்டாமே!" அவர் கோபத்தில் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

சிவப்புத் திரைக்குக் கீழே ஒரு வரி இருந்தது. 'அசைவு உங்களுடையதே என்று கருதினால் முறையிடலாம். பட்டை, உறை எதுவும் இல்லாமல் கேமரா முன் அந்த அசைவை ஒரு முறை செய்துகாட்டி நிரூபிக்கவும்.'

வெயிலு அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியக்காரி மாதிரி சிரித்தாள். "கேட்டீங்களா? கை இருந்தா கை குடுப்பானாம். அசைச்சுக் காட்டச் சொல்றான்! நொண்டியப் பாத்து ஓடிவந்து ஊன்றுகோல வாங்கிக்கோன்னு சொல்றான்!" சிரிப்பு அழுகையானது. "இவனுங்க குடும்பம் வெளங்குமா? வெளங்கவே வெளங்காது பாத்துக்குங்க."

காளிராசன் மாவுக்கடியில் கிடந்த கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பாயைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன?" என்றார் பாய்.

"நீ... செய்யி," என்றான் காளிராசன்.

"நானா? உன் கை எனக்கு வருமா?"

"திருட்டுப்பயலே... தெனமும்... பாத்தியே."

பாய்க்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த ரகசியம் அது. கடை திறந்த நாளிலிருந்து அவர் காளிராசன் வீச்சைப் பார்த்துப் பார்த்துத் தன் கடைக்குள் போய்ப் பழகுவார். அவன் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவன் வேண்டுமென்றே ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று வீசுவான் என்பது வெயிலுவுக்கு மட்டும் தெரியும்.

தன் கடையிலிருந்து பொரித்த பரோட்டா கொஞ்சம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் கேமரா முன் நின்றார். பிஸ்மில்லா சொல்லி மாவை எடுத்தார். மூன்று வீச்சு. அடுக்கு, தட்டு, நொறுக்கு. திரை யோசித்தது. 'பொருந்தவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே.'

"நான்தான் சொன்னேனே," என்றார் பாய். நெற்றியெல்லாம் வேர்வை.

காளிராசனுக்குச் சொல்ல வரவில்லை. இடது கையால் இடுப்பை அடித்து அடித்துக் காட்டினான். "து... துண்டு... துண்டு!"

வெயிலு, ஆணியில் தொங்கிய அவன் பழைய துண்டை எடுத்துப் பாயின் இடுப்பில் சொருகினாள். பாய் மறுபடி வீசினார். அடித்தார். நொறுக்கினார். கடைசியில் வலது கையை இடுப்பில் ஒரு தடவு தடவினார், அச்சு அசல் அவனைப் போலவே, கொஞ்சம் அலட்சியமாக.

திரை பச்சையானது. பூ கொட்டியது, மேளம் அடித்தது.

'பொருந்துகிறது! வாழ்த்துகள் சிக்கந்தர் அவர்களே! இந்தக் கை உங்களுடையது என்று உறுதி செய்கிறோம். பரோட்டா ராஜாவின் மூலக் கலைஞர் என்ற பட்டம் உங்களுக்கு வழங்கப்படுகிறது. தினமும் கட்டைவிரல் ரேகை வைத்து, உங்கள் அசைவை நீங்கள் தடையின்றி ஆடலாம்.'

பாய் முகத்தைப் பொத்திக்கொண்டார். "வேணாம், இது பாவம். இவன் கைய என் பேருக்கு எழுதிட்டான். நான் திரும்பச் சொல்றேன், எனக்கில்லன்னு சொல்றேன்."

"சும்மா இருங்க பாய்!" என்று வெயிலு போட்ட அதட்டலில் அவர் கை போனுக்குப் பாதி வழியில் நின்றது. "உண்மையச் சொல்லித்தான் இவ்வளவு நாள் சீரழிஞ்சோம். விரல வைங்க."

பாய் விரலை வைத்தார். காளிராசன் கை எழுந்தது. அவன் பாயை நேருக்கு நேர் பார்த்துக் கோணல் வாயால் சிரித்தான். "இருவது வருசமா... திருடப் பாத்தே. கெடச்சிருச்சா?"

"போடா," என்றார் பாய். அவர் அழுதுகொண்டிருந்தார்.

இப்போதும் சாயங்காலம் போனால் பார்க்கலாம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் பாய் ரோட்டைத் தாண்டி வருவார். கட்டைவிரலை வைப்பார். கை எழும். பிறகு தன் கடைக்குப் போய், "வாங்க வாங்க, சூடா இருக்கு, எதிர்க்கடைக்குப் போயி ஏமாறாதீங்க" என்று கூவுவார். அவர் மகளைப் பார்க்க வெளியூர் போனால் இந்தக் கடை மூடிக் கிடக்கும். அவருக்கு ஒரு தலைவலி என்றால் வெயிலு கஷாயம் போட்டுக்கொண்டு ஓடுவாள். அவருக்கும் வயசாகிறது. ராத்திரி அதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. கட்டின புருஷன் கை எதிர்க்கடைக்காரர் பேரில் இருக்கிறது. அவர் நல்லவராக இருப்பதால் அது அசைகிறது. எத்தனை ஊரில் எத்தனை கை கெட்டவன் பேரில் கிடக்கிறதோ, யார் கண்டது? அதைக் கேட்க நாதி இல்லை. அபிநயா கேஸ் போட்டிருக்கிறாள், அது நடக்கிறது.

போன வாரம் விரலை வைத்துவிட்டுத் திரும்பப்போன பாய், போனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். முகத்தில் தங்க நிறம் மினுமினுத்தது.

"என்ன பாய்?"

"ஜிகினாக்காரன். பரோட்டா ராஜாவையும் அவன் வெலைக்கு வாங்கிட்டானாம். இன்னைக்கு ஒரு நாள் ஓசியாம். அமுக்கச் சொல்றான்."

வெயிலு கல்லாவை விட்டு எழுந்தாள்.

காளிராசனின் வலது கை நீண்டது. பாய் விரல்களுக்கு நடுவிலிருந்து போனை மெல்ல உருவி, மாவுத் தட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்தது. பிறகு இடுப்புத் துண்டில் ஒரு தடவு தடவிக்கொண்டு, அடுத்த உருண்டையை எடுத்தது.